ஆங்கிலச் சொல்வளம் பெறும் வழி

 

நம் பிள்ளைகள் பரீக்ஷைக்கென ஆங்கில அருஞ்சொற்களை அகரவரிசையாய் நெட்டுருச் செய்கின்றனர். உத்தியோகத்திற்காக நேரில் வினவப்படும் நாளில் அவற்றுள் ஒன்றேனும் நாவில் எழுவதில்லை. யாமும் இளமையில் அங்ஙனம் நின்று நாணியவர்களே.

அச்சொற்களிற் பல இலத்தீன் தாதுக்களினின்று பிறந்தவை. 'பெனெ' என்பது நன்று. 'மலெ' என்பது தீது. 'வோலோ' என்பது விரும்புகிறேன். 'டிக்கோ' என்பது சொல்லுகிறேன். இந்நான்கையும் அறிந்த மாணவனுக்குப் பெனெவலண்ட் என்பது நன்மை நாடுவதென்றும், மலெவலண்ட் என்பது தீமை நாடுவதென்றும், பெனிடிக்ஷன் ஆசிமொழி என்றும், மலிடிக்ஷன் சாபம் என்றும் தாமே விளங்கும். பகுதி விகுதி பிரித்துத் தமிழ் பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று.

எனினும், ஒருபொருட் பன்மொழிகளை முற்றும் ஒன்றெனக் கருதலாகாது. 1852-இல் ரோஜெட் என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்ட 'தெசாரஸ்' சொற்களைப் பொருள்வழி தொகுத்துத் தருகிறது. அவற்றின் நயத்தையோ வாக்கியமே காட்டும். மெலிந்தவரை 'ஸ்லெண்டர்' என்பது புகழ்ச்சி. 'ஸ்கின்னி' என்பது இகழ்ச்சி.

ஆதலால், நாளொன்றுக்கு மூன்று சொற்களே கற்பித்து, அவற்றைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து உரக்கச் சொல்லுமாறு பிள்ளைகளைப் பழக்குங்கள். பெண்மக்களையும் உடன் அமர்த்துங்கள். பிழைபடின் நகையாதீர்கள், அன்று எம் நாவைக் கட்டியது அந்நகைப்பே.