லீராவில் கட்டிய திரை



"உதவி கேட்டு வரும் பிரசாரங்களை நம்பலாமா?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

2012 மார்ச் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்து அமைப்பான 'இன்விசிபிள் சில்ட்ரன்' யூடியூபில் அரை மணி நேரப் படம் ஒன்றை வெளியிட்டது. 'கோனி 2012' என்று பெயர். ஆறே நாளில் பத்துக் கோடி பார்வைகள். இயக்கியவர் ஜேசன் ரஸல். தன் சின்ன மகனை உட்காரவைத்து, "இவன்தான் கெட்டவன்" என்று ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறார். அந்தக் கெட்டவன் ஜோசப் கோனி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் சொன்ன கொடுமையில் ஒரு துளி பொய் கிடையாது. வடக்கு உகாண்டாவில் கோனியின் படை ஆயிரமாயிரம் பிள்ளைகளைத் தூக்கிப்போனது. பையன்கள் கையில் துப்பாக்கியைத் திணித்தது. பெண்பிள்ளைகளைத் தளபதிகளுக்குப் பங்கிட்டது. 1996 அக்டோபரில் அபோகே என்ற ஊரில் ஒரு மகளிர் பள்ளி விடுதிக்குள் இரவோடிரவாகப் புகுந்து 139 மாணவிகளைப் பிடித்துப் போனார்கள். அந்தப் பள்ளியில் ராகேலே ஃபஸேரா என்ற இத்தாலிய கன்னியாஸ்திரீ இருந்தார். காட்டுக்குள் அவர்கள் போன தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய், தளபதியிடம் மன்றாடி, 109 பேரை மீட்டுக்கொண்டு வந்தார். 30 பேரை விட மாட்டேன் என்றுவிட்டான். அந்த முப்பது பேரை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாரே, அந்த நடையை நினைத்துப் பாருங்கள்.

இப்படி ஒரு துயரத்தைச் சொல்லிக் கையேந்தினால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? கொடுத்தார்கள். 30 டாலருக்கு ஒரு பெட்டி விற்றார்கள்; அதில் கைப்பட்டை, சுவரொட்டி, பொத்தான். ஏப்ரல் 20 இரவு ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டி கோனியை உலகறியச் செய்ய வேண்டும் என்பது திட்டம்.

இங்கேதான் கேள்விகள் கிளம்பின. கோனியின் படை உகாண்டாவை விட்டு 2006-லேயே போய்விட்டது. படம் வந்தபோது அது காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளின் காடுகளில் சில நூறு பேராகச் சுருங்கிக் கிடந்தது. படத்தை அவசரமாகப் பார்த்தவருக்கு இது பிடிபடாது. அப்புறம் கணக்கு. அமைப்பின் முந்தைய ஆண்டுச் செலவு சுமார் 89 லட்சம் டாலர். அதில் மத்திய ஆப்பிரிக்கப் பணிகளுக்குப் போனது 37 சதவீதம் என்று அமைப்பே சொன்னது. மிச்சத்தில் பெரும்பங்கு படமெடுக்க, ஊர் ஊராகப் போய்த் திரையிட, சம்பளம் கொடுக்க. "விழிப்புணர்வும் எங்கள் பணிதானே" என்றார்கள். அதை மறைக்கவில்லை, எனவே இது திருட்டு அல்ல. திருட்டு என்று கத்தியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

என் வருத்தம் வேறு. கோனியைப் பிடிக்க அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் உகாண்டா படையோடு தொடர்ந்து நிற்க வேண்டும் என்று படம் கேட்டது. 2008 டிசம்பரில் அமெரிக்கத் துணையோடு அப்படி ஒரு தாக்குதல் நடந்தது. கோனி தப்பினான். பழிவாங்க அவன் ஆட்கள் காங்கோ கிராமங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் அடித்தும் கொன்றார்கள். சுவரொட்டி ஒட்டுகிற பையனுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

டொமினிக் ஓங்வென் என்று ஒருவர். பள்ளிக்குப் போகிற வழியில் சின்ன வயதிலேயே கோனியின் படையால் கடத்தப்பட்டவர். வளர்ந்து அதே படையின் தளபதியானார். 2021-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தது. நல்லவன், கெட்டவன் என்று பிரித்த படத்தில் இவரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

இப்போது லீராவுக்கு வாருங்கள். வடக்கு உகாண்டாவில் கோனியிடம் அடிபட்ட ஊர். படம் வெளியான அடுத்த வாரமே, உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று திறந்தவெளியில் திரை கட்டி அதைப் போட்டது. ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தங்கள் கதை என்று நினைத்துத்தான் வந்தார்கள். திரையில் அமெரிக்கப் பையன், அமெரிக்க அப்பா, கோனியின் பெயர் அச்சிட்ட சட்டை. தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவனின் பெயரை மார்பில் போட்டுக்கொள்வார்களா என்று கொதித்தார்கள். கடைசியில் கல் பறந்தது. அடுத்தடுத்த திரையிடல்களை நிறுத்திவிட்டார்கள்.

பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். இங்கே பசித்தவன் ஒருவன், தட்டேந்தி வருபவன் வேறொருவன். இருவருக்கும் பழக்கம் உண்டா என்பதைத்தான் லீரா காட்டிக்கொடுத்தது.

அதே அமைப்பு சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்தது; அதைச் சொல்லாமல் போனால் பாவம். காங்கோ கிராமங்களில் தொலைதூர வானொலிக் கருவிகள் வைத்தார்கள். ஒரு கிராமத்தில் படை தென்பட்டால் அடுத்த கிராமம் எச்சரிக்கையாகும். தப்பி வந்தவர்களின் குரலைப் பதிவுசெய்து, "வீட்டுக்கு வா" என்று காட்டுக்குள் ஒலிபரப்பினார்கள். கேட்டு ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. இதற்குச் சுவரொட்டி கிடையாது, கைப்பட்டை கிடையாது. கிராமத்தார் தினமும் தாங்களே பேசி நடத்திய வேலை.

அந்த 30 டாலர் பெட்டியை நான் வாங்கியிருக்க மாட்டேன். வானொலிக்கு என்றால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன். படம் கேட்ட அந்தக் கோனி வேட்டையை 2017-ல் அமெரிக்காவும் உகாண்டாவும் கைவிட்டன. 2025 செப்டம்பரில் தி ஹேக்கில் உள்ள அதே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கோனி இல்லாமலேயே குற்றச்சாட்டுகளை விசாரித்தது.

அன்பர்களே, நாளை காலை உங்கள் வாட்ஸ்அப்பில் அழுகிற குழந்தையின் படமும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் வரும். சந்தேகப்பட்டுக் கையை மூடிக்கொள்ளாதீர்கள், பதறியடித்தும் அனுப்பிவிடாதீர்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டு, "இந்தப் படத்தை அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டினீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். பதில் இருக்கிறவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.