குறிஞ்சியிலிருந்து பாலைக்கு

நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்டவர் பண்டைத் தமிழர். மலையைக் குறிஞ்சி என்றனர். காட்டை முல்லை என்றனர். வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும் வழங்கினர். நீரற்று வறண்ட நிலத்துக்குப் பாலை எனப் பெயரிட்டனர். குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் கூடல். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. இலங்கையிலே பெரும் பாலைவனம் எதுவும் இல்லை. எனினும், மழை ஓய்ந்த மாதங்களில் தென்கிழக்கு உலர்வலயத்தைக் காண்போர் பாலை என்னும் சொல்லின் பொருளை அங்கே உணர்வர். தேயிலை மலையிலிருந்து அந்நிலத்துக்கு ஒரே பகலில் இறங்கிவிடலாம். அவ்வழியே மூன்று தேசிய பூங்காக்களைக் கண்டு சென்ற முதியவர் இருவரின் பயணமே இன்றைய பேச்சின் பொருள்.

இருவரும் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், ஒரே லயத்திற் பிறந்தவர்கள்; ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால்பகதூர் சாஸ்திரி ஆகிய பிரதமர் இருவரும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். குடியுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென அதில் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. ஏட்டிலே எண்களாக எழுதப்பட்டது, லயங்களிலே உற்றார் பிரிவாக முடிந்தது. இளையவரின் குடும்பம் 1972இல் தலைமன்னாரிற் கப்பலேறி, மண்டபம் முகாமிலே தங்கி, நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. மூத்தவர் தோட்டத்திலேயே நின்று லொறிச் சாரதியானார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஓர் ஆனி மாதத்தில் இளையவர் திரும்பி வந்தார். குடியிருக்க அன்று, பார்த்துப் போக.

தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா கடந்து மூத்தவரின் வேன் பட்டிப்பொலவை அடைந்தது. அதற்கப்பால் தேயிலை இல்லை. 7,000 அடி உயரத்தில், புல்வெளியும் குறுமரச் சோலையுமாக ஹோட்டன் சமவெளி பரந்து கிடக்கிறது. 1873ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என அரசுக்கு அறிவுரை கூறினார். கோப்பியும் தேயிலையும் மலைமுடிகளை விழுங்காது நின்றமைக்கு அவ்வறிவுரை ஒரு காரணமாகும். மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளுக்கும் இம்மேட்டு நிலமே தலைநீர் தருகிறது. 1988இல் இது தேசிய பூங்காவாயிற்று.

பூங்காவின் வாயிலிலே உள்நாட்டவர்க்கு ஒரு கட்டணம். வெளிநாட்டவர்க்கு அதனினும் மிகுந்த கட்டணம். அலுவலர் பணிவோடு கடவுச்சீட்டைக் கேட்டார். இளையவர் எடுத்துக் கொடுத்தார். தாம் பிறந்த லயத்திலிருந்து ஒரு காலைப்பொழுதுத் தொலைவில், அவர் அயல்நாட்டார் சீட்டோடு உள்ளே சென்றார். மூத்தவர் வாய்திறவாது நடந்தார்.

உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் மூடுபனி அடர்ந்து நின்றது.

"இத்தனை தூரம் வந்தும் ஒன்றும் தெரியவில்லையே, அண்ணே!" என்றார் இளையவர்.

"பொறு தம்பி, காற்றுத் திரும்பட்டும்," என்றார் மூத்தவர்.

சிறிது நேரத்திற் பனித்திரை விலகிற்று. கீழே, நெடுந்தொலைவில், பழுப்பு நிறத்திலே வறண்ட சமவெளி தோன்றியது. தாம் செல்லவிருக்கும் நிலம் அதுவே என மூத்தவர் சுட்டிக் காட்டினார்.

ஒஹிய, அப்புத்தளை வழியாக வேன் இறங்கியது. வளைவுக்கு வளைவு வெப்பம் மிகுந்தது. வெல்லவாய தாண்டியதும் கம்பளிச் சட்டை மடியில் இடம் பிடித்தது. தணமல்விலவிலிருந்து உடவளவைக்குச் செல்லும் சாலையின் ஓரமாக மின்வேலி ஓடுகிறது. அதன் மறுபுறத்தில் யானைகள் நின்று வழிப்போக்கரைப் பார்க்கின்றன. மலையிலே பிறக்கும் வளவை ஆற்றை இங்கே அணைகட்டித் தேக்கியபோது, காட்டு விலங்குகள் இருப்பிடம் இழந்தன. அவற்றுக்குப் புகலிடமாக 1972இல் உடவளவைத் தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே சேனைப் பயிர் செய்திருந்த மக்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பூங்காவை அடுத்து, தாயை இழந்த யானைக்கன்றுகளைப் பேணும் இடைத்தங்கல் இல்லம் ஒன்று 1995 முதல் இயங்கி வருகிறது. கன்றுகள் முறை வைத்து ஓடிவந்து பால் குடிக்கின்றன. வளர்ந்தபின் அவை மீண்டும் காட்டிலே விடப்படுகின்றன. இளையவர் நெடுநேரம் பார்த்து நின்றார்.

"நாங்கள் கப்பலேறிய அதே ஆண்டில்தான் இவற்றுக்குக் காடு ஒதுக்கியிருக்கிறார்கள், அண்ணே. இடைத்தங்கல் எங்களுக்கும் இருந்தது. ஆனால் இவை திரும்பிப் போவது காட்டுக்கு."

"இங்கே நின்ற எங்களுக்கும் எளிதில் விடியவில்லை, தம்பி," என்றார் மூத்தவர். "நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான் குடியுரிமை கிடைத்தது. நின்றவனும் காத்திருந்தான், போனவனும் காத்திருந்தான்."

மறுநாள் யால. 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்நிலத்திலே முட்புதர்களும், பாறைக் குன்றுகளும், வற்றிச் சுருங்கிய குளங்களும் காட்சி தந்தன. மண் வெடித்திருந்தது. அவ்வெயிலிலும் பசுமை மாறாது ஒரு மரம் நின்றது. அதன் பெயர் பாலை. ஆனியில் அது பழுக்கும். அப்பழத்தை நாடிக் கரடி கிளையேறும். ஜீப்பிலிருந்தவாறே இருவரும் அக்காட்சியைக் கண்டனர்.

பூங்காவை விட்டு வெளிவந்தபின், சாலையோரத்திற் சிறுவன் ஒருவன் விற்ற பாலைப்பழத்தை வாங்கி உண்டனர். சிறிய மஞ்சட்பழம், உதட்டிலே பால் ஒட்டியது, இனிப்போ மிகுதி.

"இந்த விதை கோத்தகிரிக் குளிரிலே முளைக்காது, அண்ணே."

"லயத்து வாசலிலும் முளைக்காது, தம்பி. ஆயினும் ஒன்றை வைத்துக்கொள்."

நேயர்களே, குறிஞ்சியும் பாலையும் வேறு வேறு நிலங்கள் அல்ல. மேலே சோலை அழிந்தால் கீழே குளம் வற்றும். மலைமுடிக் காட்டைக் காத்தவர்கள், தாம் காணாத சமவெளியின் தாகத்தையும் தீர்த்தவராவர். மக்கள் வாழ்வும் அத்தன்மையதே. எல்லையொன்று வகுத்தோர், அதன் இருபுறத்தும் நின்று அழும் உறவுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிவுக்கு உரிய நிலத்திலும் இனிய கனி பழுக்கிறது. அதைக் கூடியிருந்து உண்ண அம்முதியவர்களுக்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. வருங்காலத்தவர்க்கு அவ்வளவு காலம் வேண்டாதிருக்கட்டும்.