ஆறிவரும் விண்மீன்

புணே நகரின் ஔந்த் பகுதியை அடுத்த பல்கலைக்கழக வளாகத்தில், 1988-இல் தோன்றிய ஐயூக்கா என்னும் வானியல் மையம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் எக்ஸ்-கதிர்க் கருவியொன்று திரட்டிய செய்திகள் அங்கே ஆராயப்பெற்றன. அக்கருவி நோக்கியவற்றுள் ஒன்று, 1054-இல் சீனர் கண்ட விண்மீன் வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலா. அதன் நடுவே சுழல்வது ஒரு நியூட்ரான் விண்மீன்.

நியூட்ரான் விண்மீன் என்பது யாது? கதிரவனினும் மிகுந்த எடையைப் புணே நகரின் அகலமேயுள்ள உருண்டைக்குள் திணித்தாற்போன்ற பொருள். பிறக்கும்போதே கடுவெப்பம் உடையது. கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு செந்நிறமாக ஒளிர்வதைக் காண்கிறோம். வெப்பம் பல லட்சம் டிகிரியானால், பொருள் எக்ஸ்-கதிராகவே ஒளிரும். அக்கதிரை நமது காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால், கருவிகளை விண்ணுக்கு அனுப்புகிறோம்.

ஆயின் நண்டு நெபுலாவில் காந்தப் புலத்தால் எழும் பேரொளி, மேற்பரப்பின் வெப்ப ஒளியை மறைத்துவிடுகிறது. ஆகவே அமைதியான இளம் விண்மீன் ஒன்று வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி, 1999-இல் அத்தகைய ஒன்றைக் காட்டியது. காசியோப்பியா-ஏ என்னும் வெடிப்பெச்சத்தின் நடுவேயுள்ள அவ்விண்மீனுக்கு வயது ஏறத்தாழ 350 ஆண்டு. மேற்பரப்பு வெப்பம் சுமார் 20 லட்சம் டிகிரி.

2000 முதல் 2009 வரை அவ்வெப்பம் சுமார் 4 சதவீதம் குறைந்ததென 2010-இல் அறிவித்தனர். உள்ளேயுள்ள நியூட்ரான்கள் இணைசேர்ந்து, உராய்வற்ற மீப்பாய்மமாக மாறுகின்றன. அப்போது வெளிப்படும் நியூட்ரினோக்கள் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றன என்று மறு ஆண்டே விளக்கம் தந்தனர். எந்த ஆய்வுக்கூடத்திலும் ஆக்கவியலாத பொருளின் இயல்பு இங்கே வெளிப்படுகிறதன்றோ?

ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தொலைநோக்கியின் உணர்கருவியிலும் மாசு படிகிறது. மங்கியது விண்மீனா, கருவியா? பின்னர் வந்த அளவீடுகள் குறைவு அவ்வளவு விரைவன்று என்றன. எனவே, விண்மீனை அளக்குமுன் நம் அளவுகோலை அளந்துகொள்வோம். அறிவியலின் நாணயம் அதுவே.