அடகுப் பொருளை அனுபவிக்கலாமா?



அவசரச் செலவு வந்தால் நாம் முதலில் நினைப்பது கழுத்துச் சங்கிலியை அல்லது வீட்டு மோட்டார் சைக்கிளைத்தான். தெரிந்தவரிடம் அடகு வைக்கிறோம். மறுவாரம் அவர் நம் வண்டியிலேயே பட்டணம் போய் வருகிறார். "கடன் வாங்கியவர்கள் எப்படிக் கேட்பது?" என்று வாய்மூடி இருந்துவிடுகிறோம். கேட்கலாம், கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, அடகு பெற்றவர் அப்பொருளின் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். கடன் தீரும்வரை அதை வைத்திருக்கலாம். பயன்படுத்துவதற்கோ உங்கள் உடன்பாடு வேண்டும். உடன்பாடின்றி ஓட்டி வண்டி சேதமடைந்தால், அவர் கவனமாகவே ஓட்டியிருந்தாலும் ஈடுசெய்தாக வேண்டும்.

பசுவை அடகு வைத்தீர்கள். அங்கே அது கன்று ஈன்றது. கன்று யாருக்கு? வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, பசுவோடு கன்றும் உங்களுக்கே.

"ஊரில் ஒத்தி வாங்கியவர் நிலத்தை உழுது பயிரிடவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஒத்தியில் விளைச்சலே வட்டிக்கு ஈடு என்று முன்னரே பேசி முடிக்கின்றனர். அனுபவிக்கும் உரிமை அந்தப் பேச்சினால் வருகிறது. வட்டியையும் வாங்கிக்கொண்டு, பேசாத அனுபவத்தையும் எடுத்துக்கொள்வது முறையன்று.

தவணை தவறினால் பொருள் உடனே அவருடையதாகிவிடுமா? ஆகாது. தக்க முன்னறிவிப்புக் கொடுத்த பின்னரே அவர் அதை விற்கலாம். கடன் போக மிஞ்சும் தொகை உங்களைச் சேர வேண்டும். விற்பனை நடக்கும்வரை, கடனையும் தவணை தவறியதால் ஏற்பட்ட செலவையும் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, அடகு வைக்குமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவதாக, 1972-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடையை நாடி, அடகுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவதாக, தனியாரிடம் வைத்தால் கடன்தொகை, தவணை, பொருளின் நிலை, வண்டி ஓடியுள்ள தூரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மூன்றாவதாக, "பயன்படுத்தலாகாது" என்பதையும் அதில் சேருங்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள் படித்த பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யலாம், அதில் வெட்கமில்லை.

கடன் பட்டதனால் நம் உரிமை கைமாறிவிடுவதில்லை. வாங்கிய பணத்தை நாணயமாகத் திருப்பிக் கொடுப்போம். கொடுத்த பொருளை முழுமையாகத் திரும்பப் பெறுவோம்.