திறந்திருக்கும் வாசல்



ஜனவரி 14 நெருங்கும்போது ஆரல்வாய்மொழி காற்றாடிமலையை நோக்கி நடப்போரைக் காண்கிறோம். சவேரியார் பெருவிழா நாள்களில் கோட்டாறுக்கும், ஆகஸ்ட் இறுதியில் வேளாங்கண்ணிக்கும் மக்கள் நடக்கிறார்கள். மணவாளக்குறிச்சியில் வாழும் நமக்கு இது புதிதல்ல. மாசிக் கொடைக்கு மண்டைக்காடு செல்லும் சகோதரிகளின் பாதங்களையும் நம் சாலை நன்கு அறியும். நடந்து வருகிறவருக்கு வழியோரத்தில் இருக்கும் நாம் யார் என்பதை இன்று சிந்திப்போம்.

மறைசாட்சி புனித தேவசகாயம் 1749-இல் கைது செய்யப்பட்டார். கைகள் கட்டப்பட்டு, எருமைமேல் ஏற்றப்பட்டு, ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தவருக்கு நல்ல தண்ணீர் தர ஒருவரும் இல்லை. அவர் முழந்தாளிட்டு செபித்து, முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. முட்டிடிச்சான் பாறை இன்றும் அங்கே இருக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

அவருடைய தாகத்தை நினைத்துத்தான் பல ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். ஆனால் தண்ணீர் கொடுத்தால் மட்டும் போதுமா?

முன்பு நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில், நடைப்பயணிகளுக்குப் பெரிய ஏற்பாடு செய்திருந்தோம். பந்தல், ஒலிபெருக்கி, சர்பத், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் இருந்தன. வயதான தாய் ஒருவர் சர்பத்தை வாங்காமல் எங்களிடம் வந்தார். "சாமி, கக்கூசுக்குப் போக இடம் உண்டா?" என்று கேட்டார். கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. "இதுக்குப் பயந்துதான் சாமி, காலையில இருந்து தண்ணி குடிக்கல்ல" என்றார் அவர். பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து அவரைக் கைபிடித்து அழைத்துப் போனார். அன்று பந்தலில் செய்த செலவு முழுவதையும்விட அந்தக் கதவே பெரிய உதவி என்று உணர்ந்தோம். எங்கள் கண்ணுக்கு நல்லதாய்ப் பட்டதையெல்லாம் கொடுத்தோம். அவருக்குத் தேவையானது என்ன என்று கேட்க மறந்திருந்தோம்.

எம்மாவு சீடர்களை நினைத்துப் பாருங்கள். உடன் நடந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. ஆகவே தங்கும்படி வற்புறுத்தினார்கள். அந்த உபசரிப்பின் பந்தியில்தான் அவர்களுடைய கண்கள் திறந்தன. புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கிலும், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும், அவர்களுடைய பாதங்களைக் கழுவ வேண்டும் என்று கற்பித்தார்.

ஆகவே இந்த ஆண்டு சில சிறிய காரியங்களைச் செய்வோம். நடைப்பயணிகள் வரும் நாள்களில் கோயில் வளாகக் கழிப்பறை திறந்திருக்கட்டும். சாவியோடு ஒருவர் அங்கேயே இருக்கட்டும். கொப்பளித்த கால்களுக்கு வெந்நீரும் மருந்தும் கட்டுத்துணியும் வைப்போம். கஞ்சியும் பயறும் போதும். பிளாஸ்டிக் குவளைகளை விட்டு, கழுவி வைக்கும் தம்ளர்களில் மோர் கொடுப்போம். இரவில் வருகிறவர்கள் படுக்கப் பாயும் விளக்கும் வேண்டும். இளைஞர்கள் சாலை வளைவில் நின்று வண்டிகளுக்கு டார்ச் அடித்துக் காட்டினால் ஓர் உயிரைக் காக்கலாம். நடந்து போகிறவர்களும், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, வரிசையாக நடக்க வேண்டும்.

வயதாலும் நோயாலும் நடக்க இயலாதவர்கள் நம்மில் உண்டு. வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டு, களைத்து வருகிறவரை அமரச் சொல்லுங்கள். அதுவே உங்கள் திருப்பயணம்.

அன்று தாகத்தோடு வந்தவருக்கு மனிதர் தராததைப் பாறை தந்தது. இன்று நம் வாசலுக்கு வருகிறவர் பாறையைத் தேடிப் போக வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.

இறைவன் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.