பெயரில் கௌரவம், பிழைப்பில் கூலி

(கம்பத்தில் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மாணவர்களின் ஒழுக்கத்தைப் பற்றியும் ஆசிரியர்களின் கடமையைப் பற்றியும் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் கல்லூரியில் படித்தவனல்லன். எனக்குத் தெரிந்த கொஞ்சமும் வாசகசாலையிலும், கூட்டங்களிலும், உங்களைப் போன்றவர்களோடு வாதாடியும் தெரிந்து கொண்டதேயாகும். ஆகவே, "இவனுக்குக் கல்லூரியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?" என்று உங்களில் யாராவது நினைத்தால் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் சோற்றில் கல் கிடந்தால் பல்லில் தெரிந்துவிடுமல்லவா? அந்த அளவு உரிமையோடுதான் பேசுகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

பையன் ஏன் தூங்குகிறான்?

ஆசிரியர்கள் சொல்லும் குறைகளை முதலில் எடுத்துக் கொள்ளுவோம். பையன்கள் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை. வந்தால் மேசைக்கடியில் செல்போன். அதுவும் இல்லையென்றால் தூக்கம். கட்டுரை எழுதி வா என்றால் செல்போனிலுள்ள செயற்கை அறிவு எழுதிக் கொடுத்ததை அப்படியே கொண்டு வந்து நீட்டுகிறார்கள். வருகை நூற்றுக்கு 75 வேண்டுமென்றால், பரீட்சைக்கு முதல் வாரம் வந்து, "எப்படியாவது போட்டு விடுங்க சார்" என்கிறார்கள். கேள்வி என்று ஒன்று கேட்டால் அது, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்பதுதான்.

இவ்வளவும் உண்மைதான். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையன் யார் என்று விசாரித்தீர்களா? விடியுமுன் திராட்சைப் பந்தலுக்குள் போய்ப் பழம் அறுத்துப் பெட்டி கட்டிவிட்டு, குளித்தும் குளியாமலும் பஸ் ஏறி வருகிறவன் அவன். அவனுடைய தாய் கம்பமெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் கல்லூரியைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து வருகிறது. அந்த ஆயிரம் ரூபாய் வீட்டுக் கடனுக்குப் போகிறதா, புத்தகத்துக்குப் போகிறதா என்று பையனிடமே கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்டவன் தூங்கினால், "தகுதியில்லாதவர்களெல்லாம் கல்லூரிக்குள் வந்துவிட்டார்கள்" என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சொல்லுகிறோமே, இந்த வார்த்தை யாருடைய வார்த்தை? நம் பாட்டன்மார்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையல்லவா இது? 1928-இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உத்தரவு 1950-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அடிபட்டபோதும் இதே தகுதிப் பாட்டுத்தான் பாடினார்கள். அன்று கிளர்ச்சி செய்துதான் 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அந்த வாசல் வழியாக உள்ளே வந்து எம்.ஏ.யும் பி.எச்.டி.யும் படித்த நாம், நமக்குப் பின்னால் வருகிறவனைப் பார்த்து அதையே சொல்லுவது ஏணியில் ஏறி நின்று கொண்டு ஏணியைத் தள்ளிவிடுவதாகும்.

கௌரவம் என்றால் என்ன?

சரி, பையன் கதை இப்படி. ஆசிரியர் கதை என்ன?

நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் "கௌரவ விரிவுரையாளர்" என்ற பெயரில் பாடம் சொல்லி வந்திருக்கிறார்கள். பெயரைக் கவனியுங்கள்! கௌரவம் என்றால் மரியாதை, மானம் என்று அர்த்தம். இவர்களுக்குக் கிடைத்த கௌரவம் எவ்வளவு? 2024-25 கல்வியாண்டில் மாதம் 25,000 ரூபாய். அதுவும் பதினொரு மாதத்திற்கு. மே மாதம் கௌரவமும் இல்லை, காசும் இல்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டால் வயிற்றுக்கும் விடுமுறை விட முடியுமா? வீட்டுக்காரர் மே மாத வாடகை வேண்டாம் என்பாரா? நிரந்தரமாக நியமிக்கப்படும் உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக்குழுவின் ஏழாவது ஊதியக்குழுத் திட்டப்படி ஆரம்பச் சம்பளமே 57,700 ரூபாய், படிகள் தனி. அதே மானியக்குழு 2019-இல், தற்காலிகமாகப் பாடம் சொல்லுகிறவருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று எழுதியது. அந்தக் கடுதாசி டெல்லியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர இத்தனை ஆண்டு பிடிக்குமா?

கொடுப்பது கூலி. அதைக் கூலி என்று சொன்னால் கூலிக்காரனுக்குள்ள சட்டத்தைக் கேட்பான் என்று பயந்து, கௌரவம் என்று பெயர் வைத்தார்கள். தீண்டாதவன் என்று ஒதுக்கி வைத்துவிட்டு அவனையே கடவுளின் பிள்ளை என்று அழைத்த தந்திரத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்குத் தெரிந்த ஒரு கௌரவ விரிவுரையாளர், பஸ் நிலையத்து டீக்கடையில் என்னிடம் சொன்ன சங்கதியைச் சொல்லுகிறேன். ஒரு பெண், ஏலத்தோட்டக் கூலிக்காரரின் மகள், வகுப்பில் எழுந்து, "சார், புத்தகத்தில் இருக்கிற காரணம் எங்க ஊருக்குப் பொருந்தலையே, ஏன் சார்?" என்று கேட்டாளாம். வருஷம் முழுவதும் இவர் எதிர்பார்த்த கேள்வி அது. ஆனால் அன்று மாலைக்குள் நாற்பது பேருடைய உள்மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. அடுத்த ஜூனில் வேலை உண்டா என்று தெரியவில்லை. "அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டார். "அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை அண்ணே" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்துப் போயிற்று.

தோழர்களே! இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயந்தான். "என் சம்பளம் எப்போது வரும்?" என்று கேட்கப் பயப்படும் ஆசிரியர், "ஏன்?" என்று கேட்க மாணவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பார்? தன் மானத்தை வருஷா வருஷம் புதுப்பித்துக் கொள்ள மனுப் போடுகிறவரிடம் சுயமரியாதையை யார் கற்றுக் கொள்ள முடியும்?

ஆசிரியர் அறையில் வருணாசிரமம்

வெளியில் நாம் வருணாசிரமத்தைக் கண்டிக்கிறோம். கல்லூரி ஆசிரியர் அறைக்குள் போய்ப் பாருங்கள். நிரந்தரப் பேராசிரியர் ஒரு வருணம். கௌரவ விரிவுரையாளர் ஒரு வருணம். தனியார் கல்லூரிகளில் நிர்வாகமே சம்பளம் கொடுக்கும் ஆசிரியர் ஒரு வருணம். மணிக்கணக்குக்கு வந்து போகிறவர் நாலாவது வருணம். ஒரே பாடம், ஒரே கரும்பலகை, ஒரே படிப்பு! ஆனால் நாற்காலி வேறு, கையெழுத்துப் புத்தகம் வேறு, பேச்சில் மரியாதை வேறு. கீழேயுள்ளவர் கோரிக்கை அட்டையைப் பிடித்துக் கொண்டு வெயிலில் உட்கார்ந்தால், மேலேயுள்ளவர் பார்க்காதது போல் போய் விடுகிறார். நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தால் நம்முடைய இடஒதுக்கீடும் ஏட்டில் கிடந்து உறங்கும் என்பதை அவர் யோசிப்பதில்லை.

ஏட்டுச் சுரைக்காய்

அடுத்தபடியாகக் காகித வேலை. கல்லூரிகளுக்குத் தரம் போடுவதற்கு 1994-இல் 'நாக்' என்ற குழுவை ஏற்படுத்தினார்கள். தரம் பார்ப்பது நல்ல காரியந்தான். ஆனால் நடப்பதென்ன? பாடம் நடந்ததா என்பதை விட்டுவிட்டு, நடந்ததற்குப் போட்டோ இருக்கிறதா என்று பார்க்கும் காலம் வந்துவிட்டது. ஆசிரியர் படிக்க வேண்டிய நேரத்தில் படிவம் நிரப்புகிறார். கடைசியில் 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்குத் தரம் போட வந்த ஆய்வுக்குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. காணிக்கைக்குத் தக்க பிரசாதம் கோவிலில் மட்டுந்தான் என்று நினைத்திருந்தோம்!

இன்னொரு அற்புதத்தையும் கேளுங்கள். கிருஷ்ணன் ஒரே நேரத்தில் பதினாறாயிரம் வீட்டில் இருந்தான் என்று புராணத்தில் சொன்னால் நாம் சிரிக்கிறோம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கத்தார் வெளிப்படுத்திய கணக்கின்படி, நம் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் ஏட்டில் இருந்தது. புராணம் எழுதியவர்கள் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். ஏட்டில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பில் இல்லை. பிறகு மாணவன் ஒழுங்கில்லை என்று யார் யாரைக் குற்றம் சொல்லுவது?

சனி பகவானும் தேர்வு வாரியமும்

இவ்வளவுக்கும் நம் படித்த தோழர்கள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? சனிக்கிழமை தோறும் குச்சனூருக்குப் போய் எள் தீபம் போடுவது! விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியவரும் அந்த வரிசையில் நிற்கிறார். சனி என்பது சூரியனைச் சுற்றி வர ஏறக்குறைய 29½ வருஷம் எடுத்துக் கொள்ளும் ஒரு கிரகம். அதைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் இரண்டரை வருஷத்துக்கு ஒரு பெயர்ச்சி என்று சோதிடர் சொல்லுகிறார். இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவரே அங்கே போய் விளக்குப் போட்டால் மாணவன் எதை நம்புவான்?

2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்புச் செய்தது. குறித்தபடி தேர்வு நடக்கவில்லை. 2025 அக்டோபரில் 2,708 இடங்கள் என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது. நாலாயிரம் குறைந்ததற்கும் தேர்வு தள்ளிப் போனதற்கும் காரணம் வானத்தில் இருக்கிறதா, சென்னைக் கோட்டையில் இருக்கிறதா? கோட்டையில் கேட்க வேண்டியதைக் குச்சனூரில் கேட்டால் கோட்டையிலுள்ளவர்களுக்குக் கொண்டாட்டந்தான்.

குருவைப் பிரம்மா என்றும் விஷ்ணு என்றும் சொல்லும் சுலோகம் ஒன்று உண்டல்லவா? குஜராத்தில் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் மாதம் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வேலை செய்த உதவிப் பேராசிரியர்களின் வழக்கில், 2025 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்ன உச்சநீதிமன்றம், விழாக்களில் அந்தச் சுலோகத்தைச் சொல்லிக் கொண்டிருந்தால் மட்டும் போதாது, ஆசிரியரை நடத்துகிற விதத்தில் மரியாதை தெரிய வேண்டும் என்று இடித்துக் கூறிற்று. உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்சச் சம்பள விகிதத்தை அவர்களுக்குக் கொடுக்கவும் உத்தரவிட்டது. தெய்வமென்று கும்பிடுவதற்குச் செலவில்லை. மனிதனென்று மதித்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால்தான் கும்பிடு மலிவாய்க் கிடைக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

இது நம் நாட்டுக்கு மாத்திரம் வந்த நோயல்ல. அமெரிக்காவிலும் கல்லூரி ஆசிரியர்களில் பாதிப்பேருக்கு மேல் நிரந்தரமற்றவர்களே. ஆனால் மருந்தும் இருக்கிறது. 2019 டிசம்பரில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஆசிரியர்களுடைய வேலைக்கு ஆபத்து வந்தபோது, நிரந்தர ஆசிரியர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து துணைவேந்தர் அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். இரண்டொரு நாளில் மத்திய சர்க்கார் இறங்கி வந்து, தற்காலிக ஆசிரியர்கள் வேலையில் தொடரலாம் என்றது. சேர்ந்து கேட்டதால் கிடைத்தது.

ஆகவே ஆசிரியத் தோழர்களே! நிரந்தரமானவர் தற்காலிகமானவருக்காக வாய் திறக்க வேண்டும். பன்னிரண்டு மாதச் சம்பளமும், சம வேலைக்குச் சமக் கூலியும், காலி இடங்களை ஒதுக்கீட்டோடு நிரப்புவதும் உங்கள் எல்லோருக்கும் ஒரே கோரிக்கையாக இருக்க வேண்டும். தூங்குகிற பையனை எழுப்புவதற்கு முன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேளுங்கள்.

மாணவத் தோழர்களே! உங்களையும் விட்டுவிட முடியாது. உங்கள் தாய் ஜீப்பில் தொங்கிக் கொண்டு போய்ச் சம்பாதித்த காசில் வாங்கிய செல்போனை மேசைக்கடியில் வைத்து விளையாடுவதற்காகவா இவ்வளவு கிளர்ச்சியும் நடந்தது? வருகையை இரந்து வாங்காதீர்கள், வந்து வாங்குங்கள். பரீட்சைக்கு வராத கேள்விகளைக் கேளுங்கள். ஏப்ரலில் உங்கள் ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பப்படும்போது, "எங்கள் ஆசிரியர் எங்கே?" என்று கேட்பவர்கள் நீங்களாக இருக்க வேண்டும்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் வீணாய் விழுந்த பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்தது? 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கொண்டு வந்தார்கள். அந்த வேலையில் செத்த கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கானவர். இன்று பென்னிகுக் படத்துக்குச் சூடம் காட்டுகிறவர்கள் உண்டு. நன்றி காட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் மலையைப் பார்த்துச் சூடம் காட்டியிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் இந்தப் பக்கம் வந்திராது. டீக்கடையில் என்னோடு பேசிய அந்த ஆசிரியர் இங்கே வந்திருந்தால் அவருக்கு ஒன்று சொல்லுகிறேன்: நாளைக்கு வகுப்புக்குப் போனதும் அந்தப் பெண்ணை எழுப்பி, "அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி அம்மா, மறுபடியும் கேள்" என்று சொல்லுங்கள். வேலையை அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.