கருத்தரிக்கும் காலம்



குடிவழியைத் தாய்வழியாகவே எண்ணிவரும் மட்டக்களப்புப் பிரதேசத்திலே, வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஆரையம்பதி போன்ற ஊர்களில், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கே அழைத்துக்கொள்ளும் பெற்றோர், அங்கே தொட்டில் கட்டும் நாளை ஆவலோடு எதிர்நோக்குதல் இயல்பே. ஆயினும் அந்த ஆவல், மணமாகி மூன்று நான்கு மாதங்கள் செல்லுமுன்னரே, “இன்னும் ஒன்றும் இல்லையோ?” என்ற வினாவாக மாறி, ஒவ்வொரு மாதவிலக்கையும் அந்தப் பெண்ணின் குற்றமாக்கிவிடுமாயின், அது இயற்கையின் நியதியை அறியாமையால் விளையும் அநீதியாகும்.

அந்த நியதிதான் யாது? மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்த விலக்குக்கு முந்திய நாள் வரை எண்ணுவது ஒரு சக்கரம். அது 28 நாள் எனப் பொதுவாகச் சொல்லப்படினும், 21 முதல் 35 நாள் வரை அமைதலும் ஆரோக்கியமான பெண்களிடத்துக் காணப்படுவதே. 1920களில் ஜப்பானிய வைத்தியர் ஒகினோவும் ஆஸ்திரிய வைத்தியர் குனௌஸும் தனித்தனியே ஆராய்ந்து, சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவது வரப்போகும் விலக்குக்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்னரே என்று நிறுவினர். ஆகவே, 28 நாட் சக்கரமுடையவளுக்கு 14ஆம் நாளளவிலும், 35 நாட் சக்கரமுடையவளுக்கு 21ஆம் நாளளவிலும் அது நிகழும்.

வெளிப்பட்ட முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திராது. ஆணின் விந்தணுக்களோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரை வாழவல்லவை. எனவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களுமே கருவுக்குரிய காலம். 221 பெண்களை ஆராய்ந்து 1995இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்ட முடிவும் இதுவே. அந்த ஆறு நாள்களுள் மிகச் சிறந்த நாளிலேகூடக் கருத்தரிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்களவே என்பதையும் அவர்கள் கண்டனர்.

பூப்பு, அதாவது மாதவிலக்கு, நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள்கள் கணவன் பிரிந்திருத்தல் அறமன்று எனத் தொல்காப்பியக் கற்பியல் விதிப்பதிலிருந்து, இக்காலத்தை நம் முன்னோரும் சிந்தித்தனர் என அறிகிறோம். ஆனால் 35 நாட் சக்கரமுடையவளுக்கு, அப்பன்னிரண்டு நாளை விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினும், மூன்று நாள் கழித்து எண்ணினும், கருவுக்குரிய காலம் அதன் பின்னரே வரும். எல்லோர்க்கும் பொதுவான ஒரு கணக்கு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆதலால், ஒவ்வொரு பெண்ணும் சில மாதங்கள் தன் விலக்கு நாள்களைக் குறித்துவைப்பது நன்று. பிறப்புறுப்பிலிருந்து கசியும் திரவம் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து இழுபடும் நாள்கள் கருவுக்குரியவை. முட்டை வெளிப்பட்ட பின்னரே, விழித்தெழும் வேளையின் உடல்வெப்பம் சிறிது உயரும். ஆதலின் அது நடந்து முடிந்ததைத்தான் உணர்த்தும். நோயும் மனவேதனையும் இக்கணக்கைக் குலைக்கக்கூடும் என்பதால், கருவைத் தவிர்க்க விரும்புவோர் நாட்கணக்கை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

கருவை விரும்பும் தம்பதியருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் அதனை எய்துகின்றனர். ஓராண்டு சென்றும், மனைவி முப்பத்தைந்து வயதைக் கடந்தவளாயின் ஆறு மாதம் சென்றும், கரு நிலைக்காதவிடத்து, கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வைத்தியரை நாடவேண்டும். ஏனெனில் காரணம் ஆணிடத்திலும் அடிக்கடி காணப்படுகிறது. நாம் மருத்துவமாது என அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் நம் வீட்டுப் படலைவரை வருபவர். கருவுக்கு முன்னரே உட்கொள்ளவேண்டிய போலிக் அமிலம் முதலியவற்றை அவரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் தயங்காது கேட்கலாம்.

தாய்மாரே, மாமிமாரே, மணமான பிள்ளைகளுக்கு இந்த அறிவை நாணமின்றிச் சொல்லுங்கள். சொன்னபின், அவர்களிடம் மாதந்தோறும் கணக்குக் கேளாதிருங்கள்.